இடியப்ப உரலும் வினாக்கொத்தும்: எண்ணையும் சொல்லையும் எங்கே இணைப்பது?

கேள்வி: கொழும்பில் சமூகவியலில் முதுமாணி செய்கிறேன். கொட்டாஞ்சேனை, முகத்துவாரம், மட்டக்குளிப் பகுதிகளில் வீட்டிலிருந்தபடியே உழைக்கும் தமிழ் பேசும் பெண்கள் பற்றியது என் ஆய்வு. 200 வினாக்கொத்து, 15 நேர்காணல் என்று முன்மொழிவு எழுதினேன். மேற்பார்வையாளர் ஓரத்தில் ஒரே ஒரு வரி எழுதித் திருப்பித் தந்துவிட்டார்: "இரண்டையும் எங்கே இணைக்கிறீர்கள்?" முடிவு அத்தியாயத்தில் இணைப்பேன் என்று சொன்னால் போதாதா?

பதில்: போதாது. "எப்படி" என்று கேட்காமல் "எங்கே" என்று கேட்டிருக்கிறாரே, அந்தச் சொல்லுக்காகவே உங்கள் மேற்பார்வையாளருக்கு ஒரு தேநீர் வாங்கிக் கொடுக்கலாம்.

என் மேசைக்கு வந்த கலப்பு முறை ஆய்வேடுகளில் பெரும்பாலானவை ஒரே அட்டைக்குள் கட்டப்பட்ட இரண்டு மெலிந்த ஆய்வேடுகள்தாம். நான்காம் அத்தியாயத்தில் அட்டவணைகள் இருக்கும். ஐந்தாவதில் பெண்களின் வாய்மொழிகள். ஆறாவதில் "இரு முறைகளும் ஒன்றையொன்று உறுதிசெய்கின்றன" என்று ஒரு பந்தி. இப்படிப்பட்ட ஆய்வேட்டுக்கு நான் வைக்கும் சோதனை எளியது. ஐந்தாம் அத்தியாயத்தைக் கழற்றி வைத்துவிட்டு நான்காவதைப் படியுங்கள். பெண்கள் சொன்னதைக் கேட்டதால் அங்கே ஒரு கேள்வியாவது, ஒரு வகைப்பாடாவது, ஒரு எண்ணாவது மாறியிருக்கிறதா? மாறியிருந்தால் இணைப்பு நடந்திருக்கிறது. மாறவில்லை என்றால் இரண்டு அத்தியாயங்களும் ஒரே மதிலைப் பகிர்ந்துகொண்டு பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கும் உறவினர்களைப் போலத்தான்.

உங்கள் தலைப்பிலேயே ஒன்றைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவியுடன் கொட்டாஞ்சேனையில் ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தேன். (கொழும்பில் தோட்டம் என்றால் தேயிலையும் இல்லை, தென்னையும் இல்லை. ஓர் ஒழுங்கைக்குள் தோளோடு தோள் உரசி நிற்கும் வீடுகள்.) பின்னேரம் நான்கு மணி. வாசலோடு ஒட்டிய அடுக்களையில் ஓர் அம்மா நின்றுகொண்டு இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தார். தட்டுகள் அடுக்கடுக்காக ஆவியில் இருந்தன. வெந்தவற்றை மகள் எடுத்து ஒரு பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். மாணவி படிவத்தைப் பார்த்து வாசித்தாள்: "கடந்த வாரத்தில் ஏதாவது தொழில் செய்தீர்களா?"

"இல்லை மகள், நான் சும்மா வீட்டில்தான் இருக்கிறேன்." உரலிலிருந்து கையை எடுக்காமலே சொன்னார்.

மாணவி "இல்லை" என்ற கட்டத்தில் அடையாளமிட்டாள். அதன் பக்கத்தில் "இல்லை எனில் 31ஆம் கேள்விக்குச் செல்க" என்று இருந்தது. வேலை நேரம், வருமானம், முதலீடு, யாருக்கு விற்கிறீர்கள் என்று நாங்கள் வாரக்கணக்கில் உட்கார்ந்து தயாரித்த கேள்விகள் எல்லாம் ஒரு பேனாக் கோட்டில் தாண்டப்பட்டன. எனக்குப் பொறுக்கவில்லை. "இவ்வளவும் யாருக்கு அம்மா?" என்று கேட்டேன். "இரண்டு கடைகளுக்குக் கொடுக்கிறோம். ஒரு நாளைக்கு நானூறு போகும்." "அப்படியென்றால் அது தொழில் இல்லையா?" அவர் சிரித்துவிட்டார். "அது பிள்ளையின் டியூஷன் காசு, சேர்."

அவர் பொய் சொல்லவில்லை. அவர் அகராதியில் தொழில் என்றால் காலையில் உடுத்திக்கொண்டு வெளியே போவது, மேலே ஒருவர் இருப்பது, மாத முடிவில் சம்பளம் வருவது. இடியப்பக் காசுக்கு அவர் வைத்திருந்த பெயர், அது எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்த்து வைத்ததல்ல. எங்கே போகிறது என்பதைப் பார்த்து வைத்தது. புள்ளிவிபரத்தின் அகராதி வேறு. ஊழியப்படை மதிப்பீட்டில் (வேலை செய்வோரையும் வேலை தேடுவோரையும் எண்ணும் அரச கணக்கெடுப்பு அது), குறிப்பிட்ட வாரத்தில் சம்பளத்துக்கோ இலாபத்துக்கோ ஒரு மணி நேரம் உழைத்திருந்தாலே ஒருவர் தொழில் புரிபவர். சம்பளம் வாங்காமல் குடும்பத் தொழிலில் கைகொடுப்பவரும் அதில் அடக்கம். அந்தக் கணக்கில் தாய் மட்டுமா, மகளும் வயது வந்தவளாக இருந்தால் ஊழியப்படைக்குள் வந்துவிடுவாள். இலங்கையில் பெண்களின் ஊழியப்படைப் பங்களிப்பு நீண்ட காலமாகவே மூன்றில் ஒரு பங்கைச் சுற்றித்தான் நிற்கிறது, ஆண்களுடையது அதைப்போல இரு மடங்குக்கும் மேல். இந்த இடைவெளியில் எவ்வளவு உண்மையான இடைவெளி, எவ்வளவு "சும்மா வீட்டில்தான்" என்ற பதில் என்று அறிய, இன்னும் ஆயிரம் வினாக்கொத்துகள் நிரப்பினாலும் முடியாது. அதே பிழை ஆயிரம் முறை திரும்ப வரும், அவ்வளவுதான். பெரிய மாதிரி பிழையை நீக்குவதில்லை. பிழைக்கு ஒரு கம்பீரத்தைக் கொடுக்கிறது.

ஆக, முதல் இணைப்பு வினாக்கொத்து அச்சாவதற்கு முன்பே நடக்க வேண்டும். பத்துப் பேரிடம் வரைவுக் கேள்விகளைக் கேளுங்கள், பதில் வந்ததும் "இந்தக் கேள்வியைக் கேட்டபோது உங்கள் மனதில் என்ன வந்தது?" என்று கேளுங்கள். இதற்கு அறிதிறன் நேர்காணல் என்று பெயர். 1980களிலிருந்து கருத்தாய்வுக்காரர்கள் முறையாகச் செய்துவருவது. "வேலை", "தொழில்", "உழைப்பு" மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். "தொழில் செய்கிறீர்களா" என்றால் தலையை ஆட்டி மறுக்கும் பெண், "கையில் கொஞ்சம் உழைப்பு இருக்கிறதா" என்றால் உட்கார்ந்து பேசுவார். நம்முடைய படிவங்களில் பெரும்பாலானவை முதலில் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ எழுதப்பட்டு, கடைசி நேரத்தில் யாரோ ஒருவரால் தமிழாக்கப்பட்டவை. அந்த யாரோ ஒருவர் இடியப்பம் விற்கும் அம்மாவோடு பேசியிருக்க மாட்டார்.

சீட்டும் இதே கதைதான். "சேமிப்பு இருக்கிறதா?" என்றால் இல்லை. "கடன் இருக்கிறதா?" என்றால் அதுவும் இல்லை. ஆனால் மாதம் தவறாமல் சீட்டுக் கட்டுகிறார். மூன்றாம் மாதமே எடுத்தும்விட்டார். எடுத்த பிறகு கட்டும் சீட்டு கடன், எடுக்கும் முன் கட்டும் சீட்டு சேமிப்பு என்று நாம் வகுப்போம். அவருக்குச் சீட்டு என்றால் சீட்டு. அதற்குத் தனிக் கேள்வி வேண்டும்.

இது ஏதோ அண்மையில் வந்த நாகரிகம் என்று நினைத்துவிடாதீர்கள். 1931, 32இல் வியன்னாவுக்கு அருகே மரியன்தால் என்ற கிராமத்தில் மரி யகோடா, பவுல் லாசர்ஸ்பெல்ட், ஹான்ஸ் சைசல் ஆகியோர் செய்த ஆய்வைத்தான் நான் எப்போதும் முன்னால் வைப்பேன். ஊருக்கே சோறு போட்ட நெசவாலை மூடப்பட்டு, ஏறத்தாழ முழுக் கிராமமும் வேலை இழந்து நின்றது. இவர்கள் 478 குடும்பங்களுக்கும் தனித்தனி அட்டை வைத்தார்கள். நூலகப் பதிவேட்டைப் புரட்டினார்கள்: கையில் நேரம் தாராளமாக இருந்தும், கட்டணம் நீக்கப்பட்டும், இரவல் போன புத்தகங்கள் பாதியளவுக்குக் குறைந்திருந்தன. ஒரு சன்னலுக்குப் பின்னால் கடிகாரத்தோடு நின்று, பிரதான வீதியில் யார் எவ்வளவு வேகமாக நடக்கிறார்கள், எத்தனை தடவை நிற்கிறார்கள் என்று குறித்தார்கள். பெண்கள் வேகமாக நடந்தார்கள். ஆண்கள் நின்று நின்று போனார்கள். ஏன்? ஆலை மூடினாலும் பெண்களுக்குச் சமையலும் துவையலும் மூடவில்லை. நேரம் பொருளற்றுப்போனது ஆண்களுக்குத்தான்.

இங்கே நான் மிகவும் மதிப்பது அடுத்த படியை. நூறு குடும்பங்களை வீடு வீடாகப் பார்த்து, அவர்களோடு பேசி, நான்கு வகை மனநிலைகளை இனங்கண்டார்கள்: உடையாதவர்கள், விதியே என்று அமைந்துவிட்டவர்கள், நம்பிக்கை இழந்து தவிப்பவர்கள், எதிலும் அக்கறையற்றுப் போனவர்கள். இது முழுக்கப் பண்புசார் வேலை. பிறகு ஒவ்வொரு வகைக்கும் நுகர்வு அலகுக்கு (பெரியவரையும் பிள்ளையையும் வேறு வேறு எடையில் எண்ணி) மாத வருமானம் எவ்வளவு என்று கணக்குப் பார்த்தார்கள். 34 ஷில்லிங், 30, 25, 19. படிப்படியாக இறங்குகிறது. சில ஷில்லிங் வித்தியாசத்தில் ஒரு மனிதர் அமைதியிலிருந்து விரக்திக்கு இறங்குவதை அந்த நான்கு எண்கள் காட்டின. வகைகள் கண்ணாலும் காதாலும் வந்தவை. இறங்குமுகம் எண்ணிலிருந்து வந்தது. இரண்டில் எது இல்லாவிட்டாலும் கண்டுபிடிப்பு இல்லை. இணைப்பு என்று உங்கள் மேற்பார்வையாளர் கேட்பது இதைத்தான். (அந்த லாசர்ஸ்பெல்ட்தான் பின்னர் அமெரிக்கா போய் நவீன கருத்தாய்வு முறையின் முன்னோடிகளில் ஒருவரானார். அளவுசார்காரர்கள் இதை அடிக்கடி மறந்துவிடுகிறார்கள்.)

தத்துவச் சண்டைக்குள் உங்களை இழுக்க மாட்டேன். உலகம் வெளியே ஒன்றாக இருக்கிறதா, நாமே கட்டிக்கொள்வதா என்று 1980களில் பெரிய போர் நடந்தது. கேள்விக்கு எது உதவுகிறதோ அதை எடு என்ற பயன்வாத நிலைப்பாட்டில் பெரும்பாலானோர் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஆய்வேட்டில் அரைப் பக்கம் போதும். வடிவமைப்புப் பெயர்களுக்கும் அவ்வளவுதான்: எண்ணை முதலில் எடுத்து, சொல்லால் விளக்குவது, சொல்லை முதலில் எடுத்து, எண்ணால் சோதிப்பது, இரண்டையும் ஒரே காலத்தில் எடுத்து ஒப்பிடுவது. உங்களுடையது எது என்று ஒரு வரியில் எழுதுங்கள். பெயரைவிட நோக்கம் முக்கியம். 1989இல் ஜெனிபர் கிரீனும் அவருடைய இரு சகாக்களும் இணைப்பதற்கான நோக்கங்கள் ஐந்தைப் பிரித்துச் சொன்னார்கள்: ஒன்றை மற்றதால் உறுதிசெய்வது, ஒன்றை மற்றதால் நிரப்புவது, ஒன்றின் முடிவைக் கொண்டு மற்றதை வடிவமைப்பது, முரண்பாட்டைத் தேடிப் போவது, வீச்சைக் கூட்டுவது. நம் மாணவர்கள் எல்லோரும் முதலாவதையே எழுதுகிறார்கள். உங்களுக்குப் பொருந்துவது மூன்றாவதும் நான்காவதும் என்பது என் எண்ணம்.

இனி 200 என்ற எண்ணுக்கு வருவோம். எழுமாற்றாக எடுத்த 200 பேரில் பாதிப்பேர் "ஆம்" என்றால், 95 வீத நம்பிக்கையில் வழு ஏறத்தாழ 7 வீதம் மேலும் கீழும். தாங்கலாம். ஆனால் நீங்கள் எழுமாற்றாகவா எடுக்கப்போகிறீர்கள்? பத்துத் தோட்டங்களுக்குப் போய் ஒவ்வொன்றிலும் 20 வீடுகளைப் பிடிப்பீர்கள். ஒரே தோட்டத்து வீடுகள் ஒன்றையொன்று ஒத்திருக்கும்: ஒருவர் இடியப்பம் என்றால் பக்கத்து வீட்டிலும் இடியப்பம், ஒருவர் தையல் என்றால் அந்த ஒழுங்கையே தையல். அந்த ஒற்றுமையின் அளவு 0.1 என்று வைத்தால்கூட வடிவமைப்பு விளைவு (கொத்தாக எடுப்பதால் மாதிரியின் பயன் எத்தனை மடங்கு குறைகிறது என்பது) 1 + (19 × 0.1), அதாவது 2.9. அந்த 19, ஒரு தோட்டத்து 20 வீடுகளில் ஒன்று குறைய. உங்கள் 200 பேர் உண்மையில் 69 பேரின் தகவலைத்தான் தருகிறார்கள். வழு 12 வீதத்தைத் தொடுகிறது. அதே 200ஐ நாற்பது இடங்களில் ஐந்து ஐந்தாக எடுத்தால் விளைவு 1.4, பயன்படும் அளவு 143. முச்சக்கர வண்டிக் காசு கூடும். கட்டத்தான் வேண்டும்.

15 நேர்காணல் போதுமா என்பதும் இதேபோல. 12 நேர்காணலில் புதிய கருப்பொருள்கள் வருவது ஏறக்குறைய நின்றுவிடுகிறது என்ற 2006ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அது ஓரளவு ஒரேமாதிரியான ஆட்களைப் பற்றிய முடிவு. உங்கள் மூன்று பகுதிகளில் வடக்கிலிருந்து வந்தவர்கள், மலையகத்திலிருந்து வந்தவர்கள், தலைமுறைகளாகக் கொழும்பிலேயே இருப்பவர்கள், தமிழ் பேசும் முஸ்லிம்கள் எல்லோரும் இருக்கிறார்கள். 15ஐ நான்காகப் பிரித்தால் எத்தனை பேர் என்று நீங்களே பாருங்கள். ஒன்றில் ஆட்களைக் கூட்டுங்கள், அல்லது இரண்டு குழுக்களோடு நில்லுங்கள். தயவுசெய்து "நேர்காணலில் 60 வீதமானோர்" என்று எழுதாதீர்கள். அது ஒன்பது பேர். ஒன்பது என்றே எழுதுங்கள்.

குழுக்கள் என்றதும் "இனம்" என்ற கட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. குடிசன மதிப்பில் "இந்தியத் தமிழர்" 1981இல் 5.5 வீதம், 2012இல் 4.1 வீதம். இந்தியாவுக்குத் திரும்பியவர்கள், வெளியேறியவர்கள் ஒரு பகுதி. "இலங்கைத் தமிழர்" என்று தம்மைப் பதிந்துகொண்டவர்கள் இன்னொரு பகுதி. அட்டவணை இரண்டையும் ஒரே வீழ்ச்சியாகக் காட்டும். உங்கள் படிவத்தில் இந்தக் கட்டங்களை அப்படியே வைத்தால், தாய் ஒரு கட்டத்திலும் மகள் இன்னொன்றிலும் விழும் வீடுகளைக் காண்பீர்கள். பெற்றோர் எந்த ஊர் என்று கேட்டுவிட்டு, தம்மை எப்படிச் சொல்லிக்கொள்கிறார்கள் என்பதை அவர்கள் வாயாலேயே சொல்லவிடுங்கள்.

யார் கதவைத் திறக்கிறார்கள் என்பதையும் யோசியுங்கள். கிராம சேவகரின் பட்டியலிலோ வாக்காளர் பட்டியலிலோ அறை வாடகைக்கு இருப்பவர்கள் பலர் இருப்பதில்லை. அவர்களின் பெயர் ஹட்டனிலோ யாழ்ப்பாணத்திலோ கிடக்கும். அதோடு, கொழும்புத் தமிழர்களுக்குப் படிவம் என்பது வெறும் காகிதம் அல்ல. யுத்த காலத்தில் தங்கியிருப்போரைப் பொலிசில் பதியச் சொன்னார்கள். 2007 ஜூன் 7ஆம் திகதி லொட்ஜ்களில் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான தமிழர்களைப் பஸ்களில் ஏற்றி வெளியே அனுப்பினார்கள். உயர் நீதிமன்றம் தலையிட்டுத் தடுத்தது. அதை மறக்காத ஒரு வீட்டில் நீங்கள் போய் "எந்த ஊர்? எவ்வளவு காலமாக இங்கே?" என்று முதல் கேள்வியாகக் கேட்டால் என்ன நடக்கும்? அந்தக் கேள்விகளைக் கடைசிக்குத் தள்ளுங்கள். மறுத்த வீடுகளை வெறும் "பதிலில்லை" என்று எண்ணிவிட்டுப் போகாமல், வாசலில் என்ன சொன்னார்கள் என்று இரண்டு வரி எழுதி வையுங்கள். மறுப்பும் தரவுதான்.

இரண்டாவது இணைப்பு, நேர்காணலுக்கு யாரைத் தெரிவது என்பதில். வழக்கமாக, பேசச் சம்மதிப்பவரையும் அறிமுகமானவரையும் தெரிகிறோம். அதை விடுங்கள். 200 படிவங்களை முதலில் கணினியில் ஏற்றி, யார் உழைப்பார் யார் உழைக்கமாட்டார் என்று மற்ற விவரங்களை வைத்துக் கணிக்கும் ஒரு புள்ளிவிபர மாதிரியுருவைப் போட்டுப் பாருங்கள். சிலர் கணிப்போடு பொருந்துவார்கள். சிலர் அடியோடு விலகி நிற்பார்கள்: சிறு பிள்ளைகள் மூன்று, மாமியார் படுக்கையில், ஆனாலும் வாரத்துக்கு 50 மணி நேரம் தைக்கிறார். பொருந்துபவர்களில் சிலரையும் விலகுபவர்களில் பலரையும் தேடிப் போங்கள். எவன் லீபர்மன் 2005இல் அரசியல் அறிவியலுக்காக எழுதிய யோசனை இது. நமக்கும் அப்படியே பொருந்தும். இதற்கு முன்னேற்பாடு வேண்டும்: முதல் தடவை போகும்போதே மீண்டும் வரச் சம்மதம் கேட்கவேண்டும், படிவத்தில் குறியீட்டு எண் மட்டும் இருக்க, பெயர் வேறொரு கொப்பியில் பூட்டப்பட்டிருக்கவேண்டும். அட்டவணையின் ஒரு வரியையும் நேர்காணலின் ஒரு மேற்கோளையும் பக்கத்தில் வைத்தால், அந்தத் தோட்டத்தில் உள்ள எவருக்கும் ஆள் யார் என்று தெரிந்துவிடும். ஆகவே மேற்கோளில் சில விவரங்களை மங்கலாக்குங்கள்.

மூன்றாவது, முரண்படும்போது. உழைப்பு கூடக் கூட வீட்டுத் தீர்மானங்களில் பெண்ணின் சொல்லும் எடுபடும் என்று எதிர்பார்த்துப் போகிறீர்கள். அட்டவணையில் அப்படி ஒன்றும் தெரியவில்லை என்று வைத்துக்கொள்வோம். நேர்காணலில் ஒருவர் குரலைத் தாழ்த்தி "இவ்வளவு வருவது அவருக்குத் தெரியாது" என்கிறார். அங்கே நின்று யோசியுங்கள். வினாக்கொத்து நிரப்பியபோது கணவர் முன் விறாந்தையில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தாரா? அப்படியென்றால் உங்கள் வருமான எண் அந்தப் பத்திரிகைக்குக் கேட்கச் சொன்ன எண். பதில் சொல்லும்போது பக்கத்தில் யார் இருந்தார் என்று ஒரு நிரல் படிவத்தில் இருந்தால், திரும்பிப் போய்த் தனியே பேசியவர்களையும் ஆள் சூழப் பேசியவர்களையும் பிரித்து அட்டவணையைப் போடலாம். இல்லாவிட்டால் முடியாது. அந்த நிரலை இப்போதே சேருங்கள். வாழ்நாளெல்லாம் நன்றி சொல்வீர்கள். எழுதும்போது இடப்பக்கம் எண், வலப்பக்கம் கூற்று, நடுவில் "ஒத்துப்போகிறது", "விரிக்கிறது", "முரண்படுகிறது" என்று ஒரே தாளில் போட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம். மூன்றாம் வகை வெறுமையாக இருந்தால் எனக்குச் சந்தேகம் வரும்.

ஒரு மணி நேர ஒலிப்பதிவை எழுத்தாக்க ஐந்தாறு மணி நேரம் ஆகும் என்பதைக் கால அட்டவணையில் போடுங்கள். தமிழில் எழுதி, தமிழிலேயே குறியீடு இடுங்கள் (சொன்னவற்றைக் கருப்பொருள் வாரியாகப் பெயரிட்டுப் பிரிப்பதுதான் அது). ஆய்வேடு ஆங்கிலத்தில் என்றால் மேற்கோளை மட்டும் கடைசியில் மொழிபெயர்க்கலாம். முதலிலேயே ஆங்கிலமாக்கினால் "டியூஷன் காசு" வெறும் வருமானமாகிவிடும்.

இனி ஓரக் குறிப்புக்குப் பதிலாக இந்த மூன்று இடங்களையும் அரைப் பக்கத்தில் எழுதிக் கொண்டுபோங்கள். அதற்கு முன் உங்கள் வரைவு வினாக்கொத்தை எடுத்து, "இல்லை எனில் இன்ன கேள்விக்குச் செல்க" என்ற வரிகள் எத்தனை இருக்கின்றன, ஒவ்வொன்றும் எத்தனை கேள்விகளைத் தாண்டச் செய்கிறது என்று எண்ணுங்கள். தொழில் பற்றிய கேள்விக்குப் பக்கத்தில் அப்படி ஒன்று இருந்தால் வெட்டிவிடுங்கள். அதன் இடத்தில் இதைப் போடலாம்: "பிள்ளைகளின் டியூஷன் காசு யார் கையிலிருந்து போகிறது?"